பாவாயியின் வயிற்று வலி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பெண்களே, பிரசவ அறையில் ஒருத்தி முரண்டு பிடித்தால் "கையைப் பிடி, காலைப் பிடி" என்று ஆயாவைக் கூப்பிடுவது நம் வேலையில் மிகச் சுலபமாக வாயில் வந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் நர்சாக இருந்தவள் நான். எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் ஒரு தடவை சொன்னது மட்டும் இன்றைக்கும் என்னை விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். பேறு பார்ப்பது எப்படி என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. அது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நர்ஸ் என்று நான் ஒருத்தி, இரண்டு ஆயாக்கள். மூத்த ஆயா ஜைத்தூன் பீ. பத்துப் பிள்ளை பெற்றவள். என்னைவிட அவளுக்குத்தான் பேறுகாலம் நன்றாகத் தெரியும். டாக்டர் அதிகம் பேசமாட்டார். செய்தது தப்பு என்றால் திட்டமாட்டார், ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

பாவாயி முதலில் வந்தது வயிற்று வலிக்காக. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஐந்து மைல் தள்ளி ஒரு காட்டூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் செங்கோடன் கடலைக்காய் மூட்டையும் பருத்திப் பொதியும் ஏற்றும் வண்டிக்காரன். சந்தை நாளில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போவான், திரும்பும்போது ஏற்றிக்கொள்வான். ஒரு மாதம் வயிற்று வலி. அடுத்த மாதம் மண்டையைப் பிளக்கும் தலைவலி. பிறகு தொண்டையில் ஏதோ அடைக்கிறது, களி இறங்கவில்லை, தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது என்பாள். தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. கம்பவுண்டர் மிக்சர் ஊற்றிக் கொடுப்பார். அடுத்த சந்தைக்கு மறுபடி வருவாள்.

இப்படி ஒன்றரை வருஷம். "வந்துட்டாளா உங்க பாவாயி?" என்று கம்பவுண்டர் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். மறைக்கப்போவதில்லை.

அவள் உடம்பில் சூட்டுத் தழும்புகள் இருந்தன. வயிற்றில் இரண்டு, தொடையின் பின்பக்கம் நாலைந்து. நான் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தால், மாந்தம் கண்டால், வயிற்றில் சூடு போடுவது சாதாரணம். வருகிற பத்துப் பேரில் ஒருவர் வயிற்றிலாவது அந்தத் தழும்பு இருக்கும். அதனால் "பழைய சூடு, நாட்டு வைத்தியம்" என்று நானாகவே முடிவு கட்டினேன். எப்போது போட்டது, யார் போட்டது, எதற்காக என்று கேட்கவில்லை. தொடையின் பின்பக்கத்தில் எந்த நாட்டு வைத்தியர் சூடு போடுவார் என்றும் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஒரு நாள் செங்கோடன் வண்டியை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"ஏனுங்க நர்சம்மா, இவளுக்கு என்னதானுங்க கோளாறு? நெசத்தச் சொல்லுங்க, தாங்கிக்குவேன்."

அன்றைக்குக் கூட்டம் அதிகம். எனக்கு நின்று பேச நேரமில்லை.

"உடம்பிலே ஒண்ணுமில்லப்பா. எல்லாம் மனசுதான். கொஞ்சம் கண்டிச்சு வை, சரியாப் போயிரும்."

சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டேன். அதற்கப்புறம் பாவாயி பல மாதம் வரவில்லை. குணமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என் யோசனை பலித்துவிட்டது என்றுகூட ஜைத்தூன் பீயிடம் சொன்னேன்.

அடுத்து அவளைப் பார்த்தது பிரசவத்துக்கு. பங்குனி வெயில். காலையில் வண்டி வந்து நின்றது. முந்தின நாள் சாயங்காலமே வலி எடுத்துவிட்டதாம். வண்டியில் செங்கோடனோடு பாவாயியின் அப்பாவும் இருந்தார். அவர் தம் ஊருக்கு மணியக்காரர், வரி வசூலிக்கும் உத்தியோகம். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, அளவான பேச்சு. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்தும் கும்பிட்டார். தாலுகா கச்சேரி வரைக்கும் செல்வாக்குள்ள மனுஷர், ஒரு நர்சைக் கும்பிடுகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பாவாயி உள்ளே வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. வலி வரும்போது உதட்டைக் கடிப்பாள், கட்டில் சட்டத்தைப் பிடிப்பாள், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அவ்வளவுதான். மற்ற பெண்கள் ஆஸ்பத்திரியே அதிரக் கத்துவார்கள். "நல்ல பொண்ணு, சத்தமே போடலே பாரு" என்று நான் தட்டிக்கொடுத்தேன். நான் பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் அவள் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. வலி என்று எடுத்துக்கொண்டேன்.

நடுப்பகலுக்குள் எல்லாம் சரியாக வந்துவிட்டது. குழந்தையின் தலை நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. இனி அவள் முக்கினால் போதும். ஆனால் முக்கவில்லை. ஒவ்வொரு வலிக்கும் உடம்பை மரக்கட்டை மாதிரி இறுக்கிக்கொண்டாள். ஒரு மணி நேரம் போயிற்று. இன்னொரு மணி நேரமும் போயிற்று. டாக்டர் மரக்குழாயை அவள் வயிற்றில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழந்தையின் துடிப்பு இறங்குது. இனிமே காத்திருக்க முடியாது. ஆயுதம் போட்டு எடுத்துரலாம். குளோரோபாம் எடு."

குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் இடுக்கியையும் மற்ற சாமான்களையும் கொதிக்க வைத்தேன். கம்பி முகமூடியில் துணியைக் கட்டினேன். ஜைத்தூன் பீ ஒரு பக்கம், மற்ற ஆயா இன்னொரு பக்கம். முகமூடியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனதும் பாவாயி எகிறி எழுந்தாள். முகமூடி பறந்துபோய் விழுந்தது. அதுவரை சத்தமே போடாதவள் அப்போதும் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையாலும் காலாலும் எங்களைத் தள்ளினாள்.

"கையைப் பிடிங்க ரெண்டு பேரும்!" என்றேன்.

பிடித்தார்கள். நான் முகமூடியை எடுத்து மறுபடி முகத்தில் வைத்தேன். அவள் மூச்சை நிறுத்திவிட்டாள். வேண்டுமென்று நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரை நிமிஷத்தில் தாங்காமல் இழுத்துவிடுவார்கள். இது அப்படியில்லை. உதடு நீலமாயிற்று. கண் மேலே செருகியது.

"நர்சம்மா, இவ இங்க இல்ல. எங்கியோ போயிட்டா. கண்ணப் பாருங்க" என்றாள் ஜைத்தூன் பீ.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். இப்படிப் போராடுகிற ஆளுக்குக் குளோரோபாம் கொடுத்தால் இருதயம் சட்டென்று நின்றுபோகலாம். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கொடுக்காவிட்டால் ஆயுதம் போட முடியாது. ஆயுதம் போடாவிட்டால் குழந்தை உள்ளேயே போய்விடும். முகமூடியைச் சற்றுத் தூக்கினேன். ஒரு மூச்சு இழுத்தாள். மறுபடி இறுகினாள்.

அப்போதுதான் கதவுக்கு வெளியிலிருந்து மணியக்காரர் குரல் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். கோபமில்லாமல், உதவி செய்கிற குரலில் சொன்னார்.

"அவ சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. ரண்டு பேரு கைய அமுக்கிப் புடிச்சு, வாயில துணிய வெச்சு அடச்சீங்கன்னா அடங்கீரும். நாங்க ஊட்டுல அப்படித்தானுங்க பண்றது."

என் கையில் துணி கட்டிய முகமூடி இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது என்று சொன்னால் அது பொய். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தப் பெண்ணுக்கு இதை யாரோ முன்பே செய்திருக்கிறார்கள். இப்போது நாங்கள் செய்கிறோம். அவளுடைய உடம்புக்கு எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"கையை விடுங்க" என்றேன்.

ஆயாக்கள் டாக்டரைப் பார்த்தார்கள். ஆயுதம் போடச் சொன்னவர் அவர். நான் நர்ஸ். அவர் உத்தரவுக்கு நடுவில் புகுந்து வேறு உத்தரவு போட எனக்கு உரிமை கிடையாது.

"டாக்டர், கொஞ்ச நேரம் கொடுங்க. பிடிக்காமப் பார்க்கிறேன்."

"குழந்தைக்கு நேரமில்லை."

"பிடிச்சா ரெண்டு பேரும் போயிருவாங்க டாக்டர்."

மரக்குழாயை மறுபடி வைத்துக் கேட்டார். எனக்கு அந்த நேரம் முடியவே முடியாது போலிருந்தது.

"பத்து நிமிஷம்" என்றார். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஆயாக்கள் விலகினார்கள். முகமூடியை அவள் பார்க்கும்படி எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். கட்டிலுக்கு முன்பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தேன், அவள் கண்ணுக்குக் கீழே என் முகம் இருக்கும்படி. தொடவில்லை.

"பாவாயி. இது ஆஸ்பத்திரி. நான் நர்ஸ். உன் கையை இனி யாரும் பிடிக்க மாட்டாங்க. உன் வாயை யாரும் மூட மாட்டாங்க. துணியை எடுத்து வெளியே வெச்சுட்டேன், பாரு."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவள் கண் என் மேல் வந்து நின்றது. மூச்சு வாங்கினாள். உதட்டில் நிறம் வந்தது.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன். அவளை நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கதவைப் பார்த்தாள். "அப்பனப் போவச் சொல்லுங்க" என்றாள். குரல் காற்று மாதிரிதான் வந்தது.

எழுந்து வெளியே போனேன். மணியக்காரர் கதவை ஒட்டியே நின்றிருந்தார். செங்கோடன் தூண் அருகில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான்.

"ஐயா, நீங்க இங்கே நிற்கக் கூடாது. வண்டிகிட்டப் போய் இருங்க."

"ஏனுங்க? பெத்தவன் நிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நான் பேசுனா அவ கேப்பா. உள்ள வாரேன், ஒரு வார்த்த சொல்றேன். சட்டுனு அடங்கீரும்."

"வேண்டாங்க. போங்க."

சிரிப்பு நின்றது. "அம்மிணி, நீ யாருகிட்டப் பேசறீன்னு தெரிஞ்சு பேசு. நாளைக்கு இந்த ஆஸ்பத்திரில நீ இருக்கோணுமா வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே கதவில் கை வைத்தார். நான் கதவை மறித்து நின்றேன். அவர் தள்ளினால் நான் விழுந்துவிடுவேன். உள்ளே நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் பாவாயிக்குக் கேட்கும்.

செங்கோடன் எழுந்து வந்தான். மாமனார் முன்னால் நிமிர்ந்துகூட நிற்காத ஆள்.

"மாமா, வாங்க. வண்டிகிட்டப் போலாம்."

"நீ சும்மா இருடா."

"போலாமுங்க மாமா." அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். விடவில்லை. "உள்ள இருக்கறது என்ற பொண்டாட்டிங்க. என்ற புள்ளைங்க. நீங்க போகாட்டி நான் உங்களத் தூக்கிட்டுப் போவோணும். அந்தப் பாவத்த எனக்குக் குடுக்காதீங்க."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செங்கோடன் அவருக்குப் பின்னாலேயே போனான், வழி மாறாமல் பார்த்துக்கொள்வதுபோல.

உள்ளே வந்து, "போயிட்டார்" என்றேன். ஜன்னல் வழியாக அவளும் பார்த்திருக்கிறாள். கட்டிலிலிருந்து இறங்க வேண்டும் என்றாள். படுக்க மாட்டேன், படுத்தால் முடியாது என்றாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். அவளே இறங்கிச் சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தினாள். ஜைத்தூன் பீ முன்னால் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். பிடிக்கவில்லை, நீட்டினாள். அடுத்த வலி வந்தபோது பாவாயி தானாக அந்தக் கைகளைப் பற்றினாள். அப்போது வாயைத் திறந்து கத்தினாள் பாருங்கள், அந்தக் கத்தலில் கம்பவுண்டர் வெளியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"கத்து சாமி, நல்லாக் கத்து" என்றாள் ஜைத்தூன் பீ.

நாலு வலியில் குழந்தை வந்தது. பெண். துவண்டு, வெளுத்துப்போய், அசைவே இல்லை. டாக்டர் வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்து வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். பாவாயி, "செத்துப்போச்சுங்களா?" என்று கேட்டாள். பிறகு பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்னொன்று. அப்புறம் அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கைகழுவுகிற இடத்தில் டாக்டர் என்னிடம் கேட்டார்: "பச்சைக் குழந்தைக்குப் போட்ட சூடு வளர வளர விரிஞ்சு மங்கிப்போகும். இவ உடம்புல இருக்கிறது அப்படியா இருக்கு?"

கழுவின கையையே நான் மறுபடி கழுவினேன்.

"நானும் பார்த்திருக்கேன். நானும் கேட்கலை" என்றார்.

நாலாம் நாள் அவளாகச் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு ஏழு வயதில் அம்மா செத்துப்போனாள். அதற்கப்புறம் பாயில் மூத்திரம் போக ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அப்பா அடித்துப் பார்த்தார். பிறகு கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சினார். பண்ணையத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்வார். அக்கம் பக்கத்தில் கேட்கக் கூடாது என்று வாயில் துணி. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நாலு வருஷம். பெரியவளாகிற வரைக்கும்.

"அப்பறம் நின்னு போச்சுங்க. ஆனா வவுறு நிக்கலைங்க நர்சம்மா. கரண்டி சத்தங் கேட்டா வலிக்கும். பின்னால ஆரு வந்தாலும் நெஞ்சு அடிச்சுக்கும். சோறு தொண்டைல நின்னுக்கும். படுத்தா முடியாதுங்க, செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் கண்ணசருவேன். பேயின்னாங்க. நானும் பேயின்னுதான் நெனச்சேன்."

ஒன்றரை வருஷம் அவள் வந்து வந்து சொன்ன வியாதிகள் எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. ஒன்றுகூட நடிப்பில்லை.

"போன வருஷம் ஏன் வராம நின்னுட்டே?" என்று கேட்டேன்.

தயங்கினாள். "நீங்க அவருகிட்டச் சொன்னீங்களாமா, கண்டிச்சு வெக்கச் சொல்லி. அவருக்கு அதெல்லாம் வராதுங்க. எங்கப்பங்கிட்டப் போயிச் சொல்லீட்டாரு. அப்பன் வந்து கூட்டீட்டுப் போயி மூணு மாசம் அவரு ஊட்டுல வெச்சிருந்தாரு."

அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தையின் காலில் என் கை நின்றுபோயிருந்தது.

"நான் செஞ்சது பெரிய தப்பு பாவாயி" என்றேன்.

"நீங்க தெரியாமத்தானுங்க சொன்னீங்க" என்றாள். ஆறுதலுக்காகச் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இல்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் இருந்தது.

மணியக்காரர் சொன்னதைச் செய்தார். என் மேல் மேலிடத்துக்கு மனு போயிற்று: பெற்ற தகப்பனை அவமதித்தாள், டாக்டர் உத்தரவை மீறினாள், கர்ப்பிணியைத் தரையில் பிரசவிக்கவிட்டாள் என்று. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனால் சேலத்தில் என் அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் வேறு வழியில்லை. டாக்டர் அதிகாரி முன்னால் நின்று, "உத்தரவு என்னுடையது. நர்ஸ் செய்ததெல்லாம் நான் சொல்லித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் அவர் பாட்டுக்கு அடுத்த நோயாளியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மனு அதோடு நின்றது. மேலிடத்திலிருந்து கேள்வி வரும்போது தனக்குக் கீழே இருப்பவரைக் காட்டிக்கொடுக்காத ஒருவரிடம் வேலை கற்றேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாவாயிக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. வயிற்று வலி வந்தது. தலைவலி வந்தது. எங்களிடம் அதற்கு மருந்து இல்லை, டாக்டரிடமே இல்லை. ஆனால் அவள் வந்தால் வாசலுக்கு முதுகு காட்டாத இடத்தில் உட்கார வைப்போம். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுவோம். தொண்டையைப் பார்க்க வேண்டுமென்றால் கரண்டியை அவள் கையிலேயே கொடுத்து, நாக்கை அவளையே அழுத்தச் சொல்வார் டாக்டர். செங்கோடன் வீட்டில் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, கதவு அவள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாமனார் வீட்டுப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டான். ஒரு வருஷத்தில் வலி வாரத்துக்கு ஒரு தடவை என்றிருந்தது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. களி இறங்கியது. உட்கார்ந்தேதான் தூங்கினாள்.

நான் அங்கிருந்து மாற்றலாகிப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு நாள் நடுப்பகலில் அவள் நடந்தே வந்தாள். ஐந்து மைல். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. சந்தை நாளும் இல்லை. வந்ததும் குழந்தையை ஜைத்தூன் பீயின் மடியில் வைத்துவிட்டு எட்டிப் போய் நின்றாள்.

"இவள வெச்சுக்கங்க. என்ற கிட்ட இருக்க வேண்டாம்."

"என்னாச்சு?"

"பாயில ஈரம் பண்ணிப்போட்டா. நேத்தும் பண்ணுனா. இன்னைக்குக் காலைல என்ற கை கரண்டிக்குப் போயிருச்சுங்க." கையை விரித்துக் காட்டினாள். "போடலீங்க. கீழ எறிஞ்சுட்டு அப்படியே தூக்கீட்டு வந்துட்டேன். ஆனாப் போச்சுங்க கை. நான் எங்கப்பன் புள்ளதானுங்களே."

எனக்கு அவளைக் கண்டிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அவளுக்குத் தன்னைப் பார்த்தே பயம். அந்தப் பயம் இருப்பதனால்தான் ஐந்து மைல் வெயிலில் நடந்திருக்கிறாள். அவள் அப்பா எந்த ஆஸ்பத்திரிக்கும் நடந்ததில்லை. அதை மட்டும் அவளிடம் சொன்னேன். உள்ளே போய் டாக்டரிடமும் சொன்னேன். வியாதி இல்லாத ஆளை வார்டில் சேர்க்க முடியாதே என்றேன். "யார் சொன்னது வியாதி இல்லைன்னு?" என்றார் அவர். பாவாயிக்குத்தான் கட்டில் போட்டோம். குழந்தை ஜைத்தூன் பீயோடு இருந்தது.

இரண்டு நாள் பாவாயி குழந்தையைத் தொடவில்லை. குழந்தை "அம்மா" என்று ஓடி வந்தால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். நாங்கள் ஒருவரும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் வார்டுக்குள் நுழையப்போனபோது ஜைத்தூன் பீ வாசலில் நின்று, வராதே என்று கையைக் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். குழந்தை பாயை நனைத்துவிட்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாவாயி பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கை நடுங்கியது. நடுங்கிய கையோடேயே ஈரத் துணியை அவிழ்த்தாள், துடைத்தாள், வேறு துணி கட்டினாள். பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, கிணற்றடிக்கு நடந்து போனாள்.